உங்களுக்குத் தெரியுமா? வரிசையில் நிற்கும் மூலக்கூறுகள்

மணல் ஊரில் மணல் தொழில்

கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிறுத்தம் பாசிர் ரிஸ். மலாயில் ‘பாசிர்’ என்றால் மணல். கடற்கரை, சதுப்புநிலக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதை, வார இறுதிக் கூடாரங்கள் என்றுதான் இந்தப் பெயர் பலருக்கும் நினைவில் இருக்கும். அதே ஊரில் ஒரு சில்லுத் தொழிற்பேட்டையும் இருக்கிறது. பாசிர் ரிஸ் டிரைவ் 12இல் இருப்பது தைவானின் யுஎம்சி நிறுவனத்தின் ஆலை. 12 அங்குல சிலிக்கான் தகடுகளில் அங்கே சில்லு உருவாகிறது. அதே பேட்டையில் எஸ்எஸ்எம்சி இருக்கிறது. பிலிப்ஸ், டிஎஸ்எம்சி, நம் பொருளியல் வளர்ச்சிக் கழகம் மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஆலை அது. 8 அங்குலத் தகடு அவர்களுடைய தொழில். யுஎம்சி 2022இல் 500 கோடி அமெரிக்க டாலர் விரிவாக்கத்தை அறிவித்து, 2025 ஏப்ரலில் புதிய கட்டடத்தைத் திறந்தது.

சில்லு சிலிக்கானில் பிறக்கிறது. மணலின் பெரும்பகுதியும் சிலிக்கானும் ஆக்சிஜனும்தான். மணல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடைக்காது. கடற்கரை மணலை அள்ளிப்போய்ச் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தகட்டுக்கு வேண்டியது மிகத் தூய குவார்ட்ஸ் பாறை. பாசிர் ரிஸ் மணல் பிள்ளைகள் வீடு கட்ட மட்டும்.

தகட்டில் ஏன் ஒரு சிறு வெட்டு?

அந்த ஆலைகளுக்குள் போகும் ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் நகத்தால் கிள்ளியது போல ஒரு சிறு வெட்டு இருக்கும். அழகுக்காக அல்ல. உள்ளே சிலிக்கான் அணுக்கள் எந்தத் திசையில் அணிவகுத்து நிற்கின்றன என்பதற்கான அடையாளம் அது. தகடு முழுவதும் ஒரே படிகம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அணுக்களின் வரிசை கலையாது. உருகிய சிலிக்கானில் ஒரு விதைப் படிகத்தைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால் உருளையாக வளரும். போலந்துக்காரர் யான் சோக்ரால்ஸ்கி 1916இல் கண்டுபிடித்த முறை. மைக்கூடு என்று நினைத்துப் பேனாவை உருகிய ஈயத்தில்... இல்லை, வெள்ளீயத்தில் முக்கிவிட்டார், முனையில் நூல் போலப் படிகம் தொங்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முறை இன்றும் ஓடுகிறது.

சிலிக்கானுக்கு வரிசை பிறவியிலேயே வந்துவிடுகிறது. இந்த வாரம் நாம் பார்க்கப் போவது வரிசையே தெரியாத ஒரு கூட்டத்தை: கரிமக் குறைகடத்திகளை. பிளாஸ்டிக் செமிகண்டக்டர் என்றால் சட்டென்று புரியும்.

‘ஆர்கானிக்’ கீரைக்கும் இதற்கும்

சம்பந்தம் இல்லை. வேதியியலில் ஆர்கானிக், அதாவது கரிமம் என்றால் கார்பன் சேர்ந்த பொருள், அவ்வளவுதான். உங்கள் கைபேசித் திரை ஓலெட் வகை என்றால், ஒளிர்வது கரிமக் குறைகடத்திதான். 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் தொடங்கிவைத்த வேலை அது.

ஆயிரம் மடங்கு கை தவறியது

1967, தோக்கியோ. ஹிதேகி ஷிராகாவா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பாலிஅசெட்டிலீன் செய்துகொண்டிருந்தபோது கிரியாவூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள். கறுப்புப் பொடி வர வேண்டிய இடத்தில் வெள்ளி போல மினுங்கும் தாள் ஒன்று வந்தது. வேறொருவராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். சில ஆண்டுகள் கழித்து ஆலன் மெக்டியார்மிட் தோக்கியோ வந்தபோது, தேநீர் இடைவேளைப் பேச்சில் அந்தத் தாள் வெளியே வந்தது. 1977இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் மூவரும் அதில் அயோடின் ஆவியைப் பாய்ச்ச, மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு எகிறியது. 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் மூவருக்கும்.

இதில் நமக்கு வேண்டிய பகுதி 1987இல் வருகிறது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் பாலிஅசெட்டிலீன் தாளைப் பிடித்துப் பல மடங்கு நீளமாக இழுத்தார்கள். சிக்கலாகக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் நேராகின. அயோடின் ஏற்றியதும் செம்பின் திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பொருள் அதேதான், படுத்திருந்த விதம்தான் வேறு.

ஒரு செண்டிமீட்டருக்கு 28 மணி நேரம்

1986இல் ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் பாலிதயோஃபீன் என்ற பிளாஸ்டிக்கில் டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். வேலை செய்தது. எவ்வளவு வேகமாக என்பதுதான் சங்கடம்.

வேகத்தை அளக்க ‘நகர்திறன்’ என்று ஓர் அளவு உண்டு. ஒரு செண்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற அளவில் தள்ளினால் மின்னூட்டம் வினாடிக்கு எத்தனை செண்டிமீட்டர் போகும்? அந்த எண்தான் நகர்திறன். நல்ல சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரானுக்கு இது சுமார் 1,400. அதாவது வினாடிக்கு 14 மீட்டர், மணிக்கு 50 கிலோமீட்டர். பாசிர் ரிஸ் சாலைகளில் பேருந்து போகும் வேகம். அந்த 1986 பிளாஸ்டிக்கில் 0.00001. அதே தள்ளலில் ஒரு செண்டிமீட்டர் கடக்க 28 மணி நேரம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? சிலிக்கான் ஆலையில் உலை 1,000 டிகிரி செல்சியஸைத் தொடும். தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக் சுமார் 250 டிகிரியிலேயே உருகிவிடும். கரிமக் குறைகடத்தியையோ மையாகக் கரைத்து, காகிதத்திலும் பிளாஸ்டிக் தாளிலும் அச்சடிக்கலாம். மடக்கலாம், சுருட்டலாம், தோலில் ஒட்டலாம். பேருந்து வேகம் எல்லா வேலைக்கும் தேவையில்லை. திரையில் புள்ளிகளை ஏற்றி அணைக்க 1 போதும். வினாடிக்கு ஒரு செண்டிமீட்டர், எறும்பு வேகம். பழைய தட்டைத் திரைகளில் இருந்த படிகமற்ற சிலிக்கானும் அந்த வேகத்தில்தான் ஓடியது.

பூக்குவியலும் பூச்சரமும்

தேக்காப் பக்கம் பூக்கடை வாசலில் நின்று பாருங்கள். ஒரு தட்டில் உதிரி மல்லிகை, பக்கத்தில் தொடுத்த சரம். உதிரிக் குவியலில் விழுந்த எறும்பு ஏறி இறங்கி, பொந்தில் மாட்டி, திரும்பி வந்து, அந்தப் பக்கம் போய்ச் சேரப் பாதி நாள் ஆகும். சரத்தில் ஏறினால் நேர்வழி.

கரிமப் படலத்தில் மின்னூட்டத்தின் கதையும் இதுதான். கார்பன் வளையங்கள் தட்டையானவை. ஒவ்வொரு வளையத்தின் மேலும் கீழும் எலக்ட்ரான் மேகம் கவிந்திருக்கும். இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் நெருங்கினால் மேகங்கள் உரசும், மின்னூட்டம் தாவும். சாய்ந்து நின்றாலோ விலகினாலோ தாவல் தடைப்படும். நீண்ட சங்கிலி மூலக்கூறு என்றால் சங்கிலியின் முதுகெலும்பு வழியாக ஓடுவது இன்னும் சுலபம். ஆனால் கரைவதற்காக அந்தச் சங்கிலிகளின் பக்கத்தில் கொழுப்பு வால்கள் தொங்கவிடப்பட்டிருக்கும். அவை வழியாக எதுவும் போகாது. ஆக, ஒரே பொருளில் நெடுஞ்சாலை, ஒற்றையடிப் பாதை, சுவர் மூன்றும் உண்டு. எது எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

புத்தகத்தை நிறுத்துவதா, படுக்க வைப்பதா?

கேம்பிரிட்ஜில் ஹென்னிங் சிரிங்ஹவுஸ் குழு 1999இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. பி3எச்டி என்ற ஒரே பிளாஸ்டிக். பக்க வால்கள் சங்கிலியில் எவ்வளவு ஒழுங்காகக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையும், படலம் பூசும் விதத்தையும் மாற்றினார்கள். ஒன்றில் மூலக்கூறுகள் அலமாரிப் புத்தகங்கள் போல நிமிர்ந்து நின்றன. மற்றொன்றில் மேசையில் அடுக்கிய புத்தகங்கள் போலப் படுத்துக்கொண்டன. நகர்திறனில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் கிடைமட்டமாகப் போகிறது. புத்தகங்கள் நிமிர்ந்திருந்தால் அட்டையிலிருந்து அட்டைக்குத் தாவிக்கொண்டே அலமாரியின் அந்தக் கோடி வரை போகலாம். படுத்திருந்தால் தாவல் எல்லாம் மேல்நோக்கி, வீண். ஓலெட்டிலும் சூரியத் தகட்டிலும் மின்னோட்டம் மேலும் கீழுமாகப் போவதால் அங்கே படுத்த புத்தகம்தான் நல்லது. நல்ல அடுக்கு, கெட்ட அடுக்கு என்று பொதுவாக எதுவும் கிடையாது. யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்ட பிறகே சொல்ல முடியும்.

நிமிர்ந்து நின்றவை எட்டியது 0.1. நத்தை வேகம்தான். ஆனால் 28 மணி நேரத்திலிருந்து 10 வினாடிக்கு வந்தாயிற்று.

இரண்டே அடுக்கு

ஐஐடி மெட்ராஸில் படித்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக்குப் போனவர் ஆனந்த் தொடபாலபூர். 1995இல் அவரும் லூயிசா டோர்சி, ஹோவர்ட் காட்ஸ் ஆகியோரும் கண்டது: படலம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைச் சுமப்பது அடியில் இருக்கும் இரண்டு மூலக்கூறு அடுக்குகள் மட்டுமே. மேலே இருப்பதெல்லாம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். இதனால்தான் இந்தத் துறைக்காரர்கள் படலத்தைவிட, படலம் உட்காரும் தரையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள்.

காசு அடுக்கிய தமிழர்

திரவப் படிகம் என்றால் திரவம் போல ஓடும், படிகம் போல ஒழுங்காக நிற்கும். அதற்குக் கோல் வடிவ மூலக்கூறுதான் வேண்டும் என்று ஏறத்தாழ 90 ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் 1977இல் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தார்கள். நடுவில் பென்சீன் வளையம், சுற்றிலும் ஆறு வால்கள். கோல் இல்லை, வட்டத் தட்டு. சூடாக்கியபோது அந்தத் தட்டுகள் ஒரு வெள்ளி நாணயங்களை அடுக்கியது போலத் தூண் தூணாக நின்றன. கட்டுரை வெளிவந்தது ‘பிரமாணா’ என்ற இந்திய இதழில். தட்டுவடிவத் திரவப் படிகம் என்று உலகமே இன்று படிக்கும் துறையின் பிறப்புச் சான்றிதழ் அது.

யார் இந்தச் சந்திரசேகர்? நட்சத்திரங்களைப் பற்றி எழுதி நோபல் வாங்கிய சந்திரசேகர் வேறு. இவர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். ஒளியியலில் ‘பஞ்சரத்தினம் கட்டம்’ என்று ஒன்று உண்டல்லவா, அந்தப் பஞ்சரத்தினம் இவருடைய தம்பி. ஒரே வீட்டில் இத்தனை பேர்!

தூணுக்கும் டிரான்சிஸ்டருக்கும் என்ன உறவு? அடுக்கிய தட்டுகளின் நடுப்பகுதி வழியாக மின்னூட்டம் இறங்கும், சுற்றியுள்ள வால்கள் உறையாக இருக்கும். மின்கம்பியும் அதன் பிளாஸ்டிக் உறையும் மூலக்கூறு அளவில் தாமே உருவாகிவிடுகின்றன. 1994இல் ஜெர்மனியின் பெய்ராய்ட் குழு இப்படி ஒரு தூணில் 0.1 அளந்தது. மேலே சொன்ன நத்தை வேகம், ஐந்து ஆண்டு முன்னாலேயே. இன்னொரு வசதியும் உண்டு: திரவம் என்பதால் தூணில் எங்காவது ஒரு காசு நழுவினால், அதுவே நகர்ந்து சரியாகிக்கொள்ளும்.

கோப்பிக்கடை மேசையில் ஒரு பாடம்

கோப்பி ஓ கொஞ்சம் சிந்தி, துடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? காய்ந்த பிறகு ஓரத்தில் கருவளையம், நடுவே வெளிறல். ஏன் சீராகக் காய்வதில்லை? 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன் குழு விளக்கியது. துளியின் விளிம்பு மேசையில் ஒட்டிக்கொண்டு நகராது. விளிம்பில் ஆவியாதல் வேகம் அதிகம். இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது கோப்பித் துகளையும் இழுத்துப்போகிறது.

டிரான்சிஸ்டரை மையாக அச்சடிப்பவர்களுக்கு இந்த வளையம் தீராத தலைவலி. ஓரத்தில் குவியல், நடுவில் ஒன்றும் இல்லை, மூலக்கூறுகள் ஆளுக்கொரு திசையில். தீர்வு மேசையைத் துடைப்பதில் இல்லை, கோப்பியின் பக்குவத்தை மாற்றுவதில் இருக்கிறது. மையில் இரண்டாவதாக ஒரு கரைப்பானைச் சேர்க்கிறார்கள். அது மெதுவாக ஆவியாகும், பரப்பு இழுவிசையும் குறைவு. ஓரத்தில் அது மிஞ்சும்போது, இழுவிசை வித்தியாசத்தால் திரவம் மறுபடி நடுவை நோக்கிச் சுழலும். போன துகள் திரும்பி வரும்.

ஜப்பானின் சுகுபாவில் 2011இல் வேறு தந்திரம் செய்தார்கள். அச்சுப்பொறியின் முதல் முனை, மூலக்கூறு கரையவே கரையாத ஒரு திரவத் துளியை வைக்கும். இரண்டாவது முனை அதன் மேல் மையை விடும். மூலக்கூறுகள் போக்கிடமில்லாமல் துளியின் மேற்பரப்பில் மிதந்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஒரே படிகமாகப் பரவும். சராசரி நகர்திறன் 16. அச்சடித்த பொருளுக்கு அது அசாத்தியம்.

ஆப்பமா, காயா ரொட்டியா?

கரிமப் படலம் போட இரண்டு வழக்கமான முறைகள். ஆப்பச்சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்புவது போல, தகட்டைச் சுழற்றிப் பரப்புவது ஒன்று. ரொட்டியில் கத்தியால் காயா தடவுவது போல, விளிம்பால் ஒரே திசையில் இழுப்பது மற்றொன்று. ஆப்ப முறை சீக்கிரம் முடியும், ஆனால் மூலக்கூறுகளுக்குத் திசை கிடைக்காது. காயா முறையில் கத்தி போன வழியே படிகம் வளரும்.

ஸ்டான்ஃபோர்டில் செனான் பாவோ குழு 2011இல் கத்தியின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தது. டிப்ஸ் பென்டசீன் என்ற மூலக்கூறின் அடுக்கு இடைவெளி 0.333 நானோமீட்டரிலிருந்து 0.308க்குச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் நகர்திறன் 0.8இலிருந்து 4.6க்கு ஏறியது. ஒரு முடியின் தடிமனில் சுமார் முப்பது லட்சத்தில் ஒரு பங்குதான் அந்தச் சுருக்கம்! 2013இல் அவர்களே கத்தியின் விளிம்பில் நுண்ணிய தூண்களை நட்டார்கள். சீப்பின் பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரிவிட்ட தலை போலப் படலம் வந்தது.

வெல்வெட் துணி, வைரத் தாள்

தேய்த்தாலே மூலக்கூறு வரிசைக்கு வரும் என்பது பழைய சங்கதி. 1911இல் பிரெஞ்சுக்காரர் சார்ல் மோகான், கண்ணாடியைத் தாளால் ஒரே திசையில் தேய்த்துவிட்டுத் திரவப் படிகத்தை வைத்தால், அது தேய்த்த திசையிலேயே படுத்துக்கொள்வதைப் பார்த்தார். கோடி கோடியாக எல்சிடி திரை செய்த ஆலைகளும் வெல்வெட் சுற்றிய உருளையால் தேய்த்துத்தான் பிழைத்தன. 1991இல் விட்மனும் ஸ்மித்தும் சூடான கண்ணாடி மேல் டெஃப்லான் கட்டியை இழுத்தார்கள். ஆமாம், ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒட்டிக்கொண்டது, அதன் மேல் போட்டதெல்லாம் அந்தத் திசைக்குத் திரும்பி நின்றது.

நோபல் வாங்கிய ஹீகரும் தம் 70 வயதுக்கு மேல் இதே வேலையில் இறங்கினார். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அவருடைய குழு, நுண்ணிய வைரத் துகள் பதித்த தாளால் தகட்டை ஒரே திசையில் கீறியது. நானோமீட்டர் அளவுப் பள்ளங்கள், ஏர் ஓட்டிய வயல் போல. அதன் மேல் இன்னொரு கண்ணாடியை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் பிளாஸ்டிக் கரைசல். திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்புழை விசை கரைசலை இழுக்க, அது மெல்லக் காய, சங்கிலிகள் பள்ளத்தின் திசையில் படிந்தன. 2014இல் அவர்கள் அறிவித்த எண் 36.3. மிட்சுபிஷியின் முதல் டிரான்சிஸ்டரோடு ஒப்பிட்டால் முப்பது லட்சம் மடங்குக்கு மேல்.

அந்த எண்ணை நம்பலாமா?

கரிம மின்னணுவியலில் சூடு பட்ட பூனைகள் அதிகம். 2000 தொடங்கி 2002 வரை பெல் ஆய்வுக்கூடத்தின் யான் ஹெண்ட்ரிக் ஷோன், கரிமப் படிக டிரான்சிஸ்டர்கள் பற்றி அதிசயங்களை அறிவித்துக்கொண்டே இருந்தார். 2001இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை. நாம் இந்தப் பத்தியை எழுதவே அதைவிட நாள் எடுத்துக்கொள்கிறோம்! வெவ்வேறு சோதனை என்று காட்டிய இரண்டு வரைபடங்களில் இரைச்சல் கோடுகூட அச்சு அசலாக ஒன்றாக இருந்ததைச் சிலர் கவனித்தார்கள். மால்கம் பீஸ்லி தலைமையில் விசாரணை நடந்தது. 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியாகின. 2002 செப்டம்பரில் வேலை போயிற்று.

அடுத்து வந்த சிக்கலில் மோசடி இல்லை, அளவுகோல்தான் ஏமாற்றியது. டிரான்சிஸ்டரில் நகர்திறனை நேராக யாரும் அளப்பதில்லை. மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், மின்னோட்டம் ஏறும் கோட்டின் சரிவிலிருந்து கணக்குப் போடுவார்கள். கோடு நேராக இருந்தால் சரி. புகழ்பெற்ற பல பிளாஸ்டிக்குகளில் கோடு நடுவில் முழங்கை போல வளைந்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் இடத்தில் உள்ள அடைப்பு திடீரென்று திறப்பதால் வரும் செங்குத்துச் சரிவு அது. அதைப் பிளாஸ்டிக்கின் வேகம் என்று எழுதினால் எண் பத்து மடங்கு வரைகூட ஊதிவிடும். 2016இல் இயன் மெக்குல்லோக், ஆல்பர்டோ சல்லியோ, மைக்கேல் சபினிக் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பச்சையாக எழுதினார்கள். அதன் பிறகு 20, 30 என்று வரும் எண்களைப் பார்த்தால் முதலில் கோட்டைக் காட்டு என்று கேட்கும் பழக்கம் வந்தது. வரிசையாக அடுக்கினால் வேகம் கூடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனை மடங்கு என்பதில்தான் வழக்கு.

சிவப்பு காரும் ஃபியூஷனோபோலிஸும்

இத்தாலியப் பந்தயக் கார்களை நினைவூட்டும் பளபளச் சிவப்பு ஒன்று உண்டு. அந்தச் சாயத்தின் கருவுக்கு டிபிபி என்று சுருக்கப் பெயர். 1974இல் டொனால்ட் ஃபார்னம் வேறு எதையோ செய்யப்போய் இது வந்தது. சுவிட்சர்லாந்தின் சிபா கெய்கி அதைக் கார்ச் சாயமாக்கியது. வெயிலில் வெளுக்காது, ஏனென்றால் தட்டையான அந்த மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொண்டு அடுக்கி நிற்கும். இறுக்கமான அடுக்கு என்றதும் டிரான்சிஸ்டர்காரர்களுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

டிபிபியைச் சங்கிலியாகக் கோத்த ஆரம்ப வேலைகளில் சில நம் ஊரில் நடந்தவை. 1997இல் தொடங்கி, இன்று ஃபியூஷனோபோலிஸில் இருக்கும் மூலப்பொருள் ஆய்வு, பொறியியல் கழகம், அதாவது ஐஎம்ஆர்இ, 2010இல் இரண்டு பிளாஸ்டிக்குகளை வெளியிட்டது. ஒன்று 0.94, எறும்பு வேகம். இன்னொன்றில் எலக்ட்ரானும் ஓடும், அதற்கு எதிராக, எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடமான ‘துளை’யும் ஓடும், ஒன்று 0.40, மற்றது 0.35. இருவழிப் பாதை. அந்த இரண்டாவது கட்டுரையின் பெயர்ப் பட்டியலில் பிரஷாந்த் சோனாரோடு நம் ஆனந்த் தொடபாலபூரும் இருக்கிறார்.

எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருந்தது யார்?

பிளாஸ்டிக்கில் துளை ஓடும், எலக்ட்ரான் அவ்வளவாக ஓடாது என்று நெடுநாள் பேச்சு. பிளாஸ்டிக் நிரபராதி என்று 2005இல் ‘நேச்சர்’ இதழில் தீர்ப்பு வந்தது. கேம்பிரிட்ஜில் நடந்த அந்த வேலையில் முதல் பெயர் லே லே சுவா. பின்னர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹோவுடன் கரிம நானோ சாதன ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். தரையாக இருந்த சிலிக்கான் ஆக்சைடின் மேற்பரப்பில் தொங்கும் ஆக்சிஜன் ஹைட்ரஜன் கொக்கிகள்தான் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன. கொக்கி இல்லாத தரையை மாற்றிப் போட்டதும், ஓடாது என்று சொன்ன பல பிளாஸ்டிக்குகளில் எலக்ட்ரான் ஓடியது. இரண்டே அடுக்கு என்று மேலே சொன்னது இப்போது புரிகிறதா?

அவுரி டிரான்சிஸ்டர்

திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிட்டு நீலச்சாயம் எடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்த நீலம் ஒரு குறைகடத்தி. ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012இல் அவுரிச் சாயத்தில் டிரான்சிஸ்டர் செய்தார்கள். நகர்திறன் 0.01 அளவில், எலக்ட்ரானுக்கும் துளைக்கும் சேர்த்து. தகட்டில் நேராகப் பூசினால் சரிப்படவில்லை. அடியில் மெழுகு வகைப் பொருள் ஒன்றை மெல்லியதாகப் போட்ட பிறகே சாய மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கின. அதே குழு மறு ஆண்டு அரக்கில் டிரான்சிஸ்டர் கட்டியது. பூச்சி உமிழும் அரக்குதான், தபாலுக்கு முத்திரை வைப்போமே, அது. பாட்டி காலத்துச் சாயப்பெட்டியையும் அரக்குக் கட்டியையும் வைத்து மின்சுற்று!

குறுக்கே போனால் அபராதம்

வரிசையிலும் ஒரு வில்லங்கம். சங்கிலி போகும் திசையில் வேகம் கூடும்போது, குறுக்குத் திசையில் குறையும். அதனால் சுற்று வரைபவர் எல்லா டிரான்சிஸ்டரையும் ஒரே பக்கம் பார்க்க வைக்க வேண்டும். வீவக வீட்டை மேற்கு வெயில் பார்த்து ஒதுக்குவது போலத்தான். ஒன்றைத் திருப்பி வைத்தால் அது மட்டும் நொண்டும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டைக் குறுக்கே கடக்க முயன்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை. கேம்பிரிட்ஜில் சிரிங்ஹவுஸும் ரிச்சர்ட் ஃப்ரெண்டும் 2000இல் தொடங்கிய பிளாஸ்டிக் லாஜிக், கரிம டிரான்சிஸ்டர் திரையோடு ‘க்யூ’ என்ற மின்வாசிப்புக் கருவியை 2010 ஜனவரியில் காட்டியது. திரை நன்றாகத்தான் இருந்தது. அதே மாதம் ஐபேட் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் க்யூ ரத்து.

வீட்டில் செய்து பாருங்கள்

மூலக்கூறு வரிசையில் நிற்கிறதா என்று பார்க்க லட்ச வெள்ளிக் கருவி வேண்டாம். போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி ஒன்றும், மடிக்கணினியின் எல்சிடி திரையும் போதும். திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை இருண்டு போகும். திரையின் முன்னால் ஒட்டியிருக்கும் தாள், இழுத்து நீட்டிய பிளாஸ்டிக்கில் அயோடின் ஏற்றியது. எட்வின் லாண்ட் 1938 வாக்கில் செய்த கைவேலை. அயோடின், அதே அயோடின்தான், நேரான சங்கிலிகள் நெடுகப் படிந்து ஒரு திசை ஒளியை மட்டும் விழுங்குகிறது.

இருண்ட நிலையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சுத்தமான பிளாஸ்டிக் பெட்டி மூடியோ, சில துண்டு ஒட்டுநாடாவோ நீட்டுங்கள். இருட்டில் திடீரென்று நீலம், ஊதா, மஞ்சள் என்று பட்டைகள் எழும். நாடாவை ஆலையில் இழுத்தபோது அதன் சங்கிலிகள் எந்தப் பக்கம் நேரானதோ, அந்தப் பக்கத்தைத்தான் அந்த நிறங்கள் காட்டிக்கொண்டிருக்கின்றன. நாடாவைத் திருப்பினால் நிறம் மங்கும், பிறகு மறுபடி வரும். கரிமப் படலம் பூசும் ஆய்வுக்கூடங்களிலும் நுண்ணோக்கியின் கீழ் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.